11.4 சதவீத யீல்டு: ஒரு பங்கின் டிவிடெண்ட் வரலாற்றை வாசிக்கத் தவறிய அனுபவம்

டிவிடெண்ட் (நிறுவனம் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம்) தரும் பங்குகளை மட்டுமே வாங்குவது என்று முடிவெடுத்த நாளில் நான் முதலில் செய்த காரியம், பங்குத் தகவல் தரும் செயலியைத் திறந்து, பட்டியலை யீல்டு வரிசைப்படி, அதாவது டிவிடெண்ட் பங்கு விலையில் எத்தனை சதவீதம் என்ற கணக்குப்படி, பெரியது மேலே வரும்படி அடுக்கியதுதான். முதலில் வந்து நின்ற பங்கின் பக்கத்தில் 11.4 சதவீதம் என்று பச்சை எழுத்தில் இருந்தது. வங்கி வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிட அது எவ்வளவோ அதிகம் என்பது மட்டுமே அப்போது என் கண்ணுக்குப் பட்டது. நிறுவனத்தின் பெயரும் எனக்குப் பழக்கமானதே; ஆண்டு தவறாமல் டிவிடெண்ட் கொடுத்து வந்திருப்பதையும் அதே திரை காட்டியது. அன்று சந்தை மூடுவதற்குள் வாங்கிவிட்டேன். அடுத்த ஒன்றரை ஆண்டுகளில், கைக்கு வந்த டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு, போட்ட பணத்தில் 30 சதவீதம் போயிருந்தது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. திரையில் இருந்த எண்ணிலும் பிழையில்லை. அந்த எண் எந்தக் கேள்விக்கான விடை என்பதைத்தான் நான் விசாரிக்காமல் விட்டிருந்தேன்.

நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றே என்பதால் எண்களை மட்டும் தருகிறேன். எளிதாகப் பின்தொடர்வதற்காகச் சிறு பின்னங்களைக் கழித்திருக்கிறேன். நான் வாங்கிய விலை 70. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அந்த நிறுவனம் பங்கொன்றுக்குக் கொடுத்திருந்த டிவிடெண்ட் மொத்தம் 8. எட்டை எழுபதால் வகுத்து நூறால் பெருக்கினால் 11.4 வருகிறது. யீல்டு என்பது இவ்வளவுதான், ஒரு வகுத்தல் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கின் மேலே இருக்கும் எண் கடந்த காலத்துக்கு உரியது, கீழே இருக்கும் எண் இன்றைய சந்தைக்கு உரியது. நேற்று கொடுத்ததை இன்றைய விலையால் வகுத்து, நாளைக்கும் அதுவே கிடைக்கும் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஓராண்டுக்கு முன் அதே பங்கின் விலை 140 ஆக இருந்தது என்பதை நான் பார்த்திருந்தேன். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று மகிழவும் செய்தேன். விலை பாதியானால் யீல்டு தானாகவே இரண்டு மடங்காகும் என்பது மனக்கணக்கிலேயே தெரியக்கூடியது. நிறுவனம் ஒரு காசுகூடக் கூட்டித் தர வேண்டியதில்லை. பங்கை வைத்திருந்தவர்கள் விற்றுக்கொண்டு வெளியேறினாலே போதும். ஆகவே, ஒரு பங்கின் யீல்டு அதன் வழக்கமான அளவைவிட வெகுவாக உயர்ந்து தெரியும்போது, நிறுவனம் தாராளமாகிவிட்டதா, சந்தை பயந்துவிட்டதா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் விடையாக இருக்கிறது. சந்தையின் பயம் எல்லா நேரமும் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதற்காகப் பயந்தது என்பதை அறியாமல் அதன் மறுபக்கத்தில் போய் நிற்பது என்னைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

என் விஷயத்தில் விலைச் சரிவு பாதிக் கதைதான். மீதிக் கதை, வாங்கி இரண்டு மாதங்கள் கழித்து ஒரு காலையில் தெரிய வந்தது. செயலியைத் திறந்தபோது 11 சதவீதத்தை ஒட்டியிருந்த யீல்டு 5.3 என்று மாறியிருந்தது. விலை 66 ஆகத்தான் இறங்கியிருந்தது. விலை இறங்கினால் யீல்டு ஏற வேண்டும் அல்லவா? செயலியில் ஏதோ கோளாறு என்று எண்ணி, அதை மூடி மீண்டும் திறந்து பார்த்தேன். எண் மாறவில்லை. அப்போதுதான், வாங்கும் முன் பார்த்திருக்க வேண்டிய டிவிடெண்ட் அட்டவணையை முதல் முறையாக வரிவரியாகப் படித்தேன். எட்டு என்பது மூன்று தனித்தனி வரிகளின் கூட்டுத்தொகை: இடைக்கால டிவிடெண்ட் 1.50, இறுதி டிவிடெண்ட் 2, இவற்றுக்கும் முன்னதாக ஒரு வரியில் 4.50. அந்த 4.50-க்கு நேரே சிறிய எழுத்தில் சிறப்பு டிவிடெண்ட் என்று குறிக்கப்பட்டிருந்தது. நிறுவனம் தன் உற்பத்திப் பிரிவுகளில் ஒன்றை விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நான் வாங்கியபோது அது கொடுக்கப்பட்டுப் பத்து மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு மாதங்கள் கழிந்ததும் அந்த வரி பன்னிரண்டு மாதச் சாளரத்தை விட்டு வெளியேறியது. மேலே இருந்த எண் 8-லிருந்து 3.50 ஆகிவிட்டது.

வழக்கமான டிவிடெண்ட் 3.50. அதை 140-ஆல் வகுத்தால் 2.5 சதவீதம். விலை பாதியானதால் அதுவே 5 சதவீதம். ஒரே ஒரு முறை வந்துபோன 4.50-ஐச் சேர்த்ததால் 11.4. நான் வருமானம் என்று எண்ணிக்கொண்டதில் பாதிக்கும் மேற்பட்டது, நான் வருவதற்கு முன்பே மற்றவர்களுக்கு விநியோகிக்கப்பட்டு முடிந்துவிட்ட பணம்.

சிறப்பு டிவிடெண்ட் தவறான ஒன்றல்ல. பெரிய நிறுவனங்களும் அதைக் கொடுத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2004 டிசம்பரில் பங்கொன்றுக்கு 3 டாலர் சிறப்பு டிவிடெண்ட் கொடுத்தது; அதே சமயத்தில் அதன் வழக்கமான காலாண்டு டிவிடெண்ட் 8 சென்ட். அந்த 3 டாலரையும் வழக்கமான வரவாக எண்ணி அடுத்த ஆண்டுக்குக் காத்திருந்தவர் எவராவது இருந்தால், அவர் என் இனத்தவர். அட்டவணையில் சிறப்பு என்று குறிக்கப்பட்ட வரிகளை அடித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டுவதே இப்போது நான் செய்யும் முதல் வேலை. சில தகவல் தளங்கள் அந்தக் குறிப்பைப் போடுவதே இல்லை என்பதால், ஒரு வரி மட்டும் மற்றவற்றைவிட உயரமாகத் தெரிந்தால் நிறுவனத்தின் அறிவிப்பையே தேடிப் பார்க்கிறேன்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். சிறப்பு டிவிடெண்டை நீக்கிவிட்டு அந்த நிறுவனத்தின் ஐந்து ஆண்டுகளை ஒரு தாளில் எழுதினேன்: 3.00, 3.20, 3.40, 3.50, 3.50. வாங்கும்போது இதைப் பார்த்திருந்தால், குறையவே இல்லை என்று திருப்தியடைந்திருப்பேன். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி கண்ணில் பட்டது. முதலில் 0.20, பிறகும் 0.20, அடுத்து 0.10, கடைசியில் சுழி. டிவிடெண்ட் உயர்ந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் உயரும் வேகம் தேய்ந்து நின்றுவிட்டிருந்தது. அதற்கு நேரே பங்கொன்றுக்கான லாபத்தை எழுதியபோது காரணமும் விளங்கியது. கடைசி மூன்று ஆண்டுகளில் லாபம் 5.00, 4.20, 3.10 என்று இறங்கியிருந்தது. பிரிவை விற்றதில் வந்த பணம் இதில் சேராது. 3.10 சம்பாதித்து 3.50 கொடுத்திருக்கிறார்கள். அதாவது, சம்பாதித்ததில் 113 சதவீதம்.

லாபம் மூன்று ஆண்டுகளாக விழும்போது ஏன் டிவிடெண்டை உடனே குறைக்காமல் இழுத்துப் பிடித்தார்கள் என்பதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் லின்ட்னர், 28 நிறுவனங்களின் நிர்வாகிகளிடம் பேசி 1956-இல் வெளியிட்ட ஆய்வில், நிர்வாகிகள் டிவிடெண்டைக் குறைப்பதை மிகவும் தயங்கியே செய்கிறார்கள் என்றும், லாபம் கூடும்போதுகூட அந்த உயர்வு நிலைக்கும் என்று நம்பினால்தான் மெல்ல மெல்ல உயர்த்துகிறார்கள் என்றும் எழுதினார். குறைத்தால் சந்தை அதைக் கெட்ட செய்தியாகப் படிக்கும் என்ற அச்சமே அதற்குக் காரணம். இதிலிருந்து முதலீட்டாளருக்கு இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. டிவிடெண்டின் வரைபடம் லாபத்தின் வரைபடத்தைவிடப் பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். ஆகவே அது வழுவழுப்பாக இருப்பதை மட்டும் வைத்து அடியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவதாக, டிவிடெண்ட் தேங்கி நிற்பதே பல நேரங்களில் ஒரு செய்தி. குறைக்க மனம் வராத நிர்வாகம் முதலில் உயர்த்துவதை நிறுத்திப் பார்க்கிறது.

நீண்ட வரலாறு உறுதிப்பத்திரம் ஆகாது என்பதற்கு உலகறிந்த சான்றுகள் இருக்கின்றன. ஷெல் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒருமுறையும் டிவிடெண்டைக் குறைக்காமல் இருந்தது. ஆனால் 2020 ஏப்ரல் 30 அன்று காலாண்டு டிவிடெண்டை 47 சென்டிலிருந்து 16 சென்டாக வெட்டியது. ஜெனரல் எலெக்ட்ரிக் 2017 நவம்பரில் 24 சென்டை 12 ஆக்கியது. 2018 அக்டோபரில் அந்த 12-ஐயும் 1 சென்டாகக் குறைப்பதாக அறிவித்தது. முதல் குறைப்புக்குப் பிறகு, இனி இதற்குக் கீழே போகாது என்று எண்ணிக் காத்திருந்தவர்களுக்கு ஓராண்டுகூட நிம்மதியில்லை. நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. 2020 மார்ச் இறுதியில், பெருந்தொற்றின் தொடக்கத்தில், ஐரோப்பிய மத்திய வங்கியின் பரிந்துரையாலும் பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பு கேட்டுக்கொண்டதாலும் பெரிய வங்கிகள் பலவும் டிவிடெண்டை நிறுத்திவைத்தன. அதில் ஒரு வங்கியின் வரலாறு எவ்வளவு நேர்த்தியாக இருந்தது என்பது கணக்கில் வரவில்லை.

லாபத்தோடு ஒப்பிடுவதே போதும் என்று சில காலம் நம்பியிருந்தேன். அதுவும் அரைகுறைதான். லாபம் என்பது கணக்குப் புத்தகத்தில் உள்ள எண். டிவிடெண்ட் வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறும் ரொக்கம். விற்ற சரக்குக்குப் பணம் வராமல் நிலுவையில் நிற்கும்போதும் லாபம் காட்ட முடியும். அந்த லாபத்தில் டிவிடெண்ட் கொடுக்க முடியாது. ஆகவே ஆண்டறிக்கையில் பணப்புழக்க அறிக்கை இருக்கும் பக்கத்துக்குப் போய், தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தில் இயந்திரங்களுக்கும் கட்டடங்களுக்கும் செலவழித்ததைக் கழித்து, மிஞ்சியதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிறேன். நான் வாங்கிய நிறுவனத்துக்கு அந்த எண் 2.40 ஆக இருந்தது. கையில் மிஞ்சியது 2.40, கொடுத்தது 3.50, இடைவெளியைக் கடன் நிரப்பியிருந்தது என்பது அதே அறிக்கையின் கீழ்ப்பகுதியில், கடன் வாங்கிய வரியில், யாரும் பார்க்கலாம் என்று அச்சாகியிருந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் இடைக்கால டிவிடெண்டாக 1.00 கொடுத்தார்கள், இறுதி டிவிடெண்ட் இல்லை என்று இயக்குநர் குழு அறிவித்தது. அறிவிப்பு வந்த சில நாட்களில் விலை 48-க்கு வந்தது. அதே விலையில் விற்றேன். 70 போட்டு, 48-ம் 1-ம் திரும்பி வந்தன.

கட்டடங்களை வைத்திருந்து வாடகை வருமானத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தரும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளுக்கு லாபத்தோடு ஒப்பிடும் அளவுகோல் பொருந்தாது. கட்டடங்கள் பழையதாவதற்காக, ரொக்கம் வெளியேறாமல் கணக்கில் மட்டும் கழிக்கும் தேய்மானக் கழிவு அவற்றின் லாபத்தை மிகவும் சிறியதாகக் காட்டும். அங்கே ரொக்கக் கணக்கு ஒன்றுதான் பேசும்.

பழைய டிவிடெண்ட் எண்களைப் படிக்கும்போது பங்குப் பிரிப்பையும் போனஸ் பங்கையும் (பங்குதாரர்களுக்கு இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு) மறந்தால் இன்னொரு குழப்பம் வரும். ஆப்பிள் 2020 ஆகஸ்டில் கொடுத்த காலாண்டு டிவிடெண்ட் 82 சென்ட். நவம்பரில் கொடுத்தது 20.5 சென்ட். குறைத்துவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை. இடையில் ஒரு பங்கு நான்காகப் பிரிக்கப்பட்டது, 82-ஐ நான்கால் வகுத்தால் 20.5. சில தளங்கள் பழைய எண்களை இப்படித் திருத்தியே காட்டுகின்றன, சில திருத்துவதில்லை. ஒரே அட்டவணையில் பாதி திருத்தியும் பாதி திருத்தாமலும் இருந்ததையும் கண்டிருக்கிறேன். இந்தியா போன்ற நாடுகளில் டிவிடெண்டைச் சந்தை விலையின் சதவீதமாக அல்லாமல், முகமதிப்பின் (பங்குக்கு நிறுவனம் குறித்த பெயரளவு மதிப்பு) சதவீதமாக அறிவிக்கும் வழக்கமும் உண்டு. முகமதிப்பு 1 ஆக உள்ள பங்குக்கு 400 சதவீத டிவிடெண்ட் என்று தலைப்பு வந்தால், கிடைப்பது 4. சந்தை விலை 800 என்றால் யீல்டு அரை சதவீதம். தலைப்பில் இருந்த சதவீதத்தையும் யீல்டு சதவீதத்தையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு என்னிடம் வாதாடிய நண்பர்கள் இருவர் உண்டு. இருவரும் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

கடைசி டிவிடெண்டே ஓராண்டுக்குத் தொடரும் என்று வைத்து, எதிர்கால யீல்டு என்று சில செயலிகள் தரும் எண்ணிலும் கவனம் வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை சம அளவில் கொடுக்கும் நிறுவனத்துக்குக் கடைசி டிவிடெண்டை நான்கால் பெருக்குவது நியாயமான கணக்கு. இடைக்காலத்தில் சிறிதும் இறுதியில் பெரிதுமாக, ஆண்டுக்கு இரண்டு முறை கொடுக்கும் நிறுவனத்துக்கு, கடைசியாக வந்த பெரிய தொகையை இரண்டால் பெருக்கினால் இல்லாத வருமானம் ஒன்று முளைத்துவிடும்.

இன்னொரு பாடத்துக்குக் கொடுத்த கட்டணம் சிறியதுதான், ஆனால் அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. எக்ஸ் டேட்டுக்கு முதல் நாள் பங்கை வாங்கினால் டிவிடெண்ட் கிடைக்கும், மறுநாள் விற்றுவிடலாம், இப்படி மாதம் இரண்டு நிறுவனங்கள் என்று சுற்றினால் போதும் என்று ஒரு திட்டம் போட்டேன். விதி என்னவோ நான் புரிந்துகொண்டபடிதான்: எக்ஸ் டேட் அன்று அல்லது அதற்குப் பிறகு வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் இல்லை, அதற்கு முன் வாங்கியவருக்கு உண்டு. 200-க்கு வாங்கினேன், அறிவிக்கப்பட்ட டிவிடெண்ட் 6. மறுநாள் சந்தை திறந்தபோது விலை 194-ஐ ஒட்டி இருந்தது. நிறுவனத்திடமிருந்து 6 வெளியேறப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அதை இழந்து நிற்கும் பங்கை யார் 200 கொடுத்து வாங்குவார்கள்? அன்றாட ஏற்ற இறக்கத்தில் இந்தச் சரிவு சில நாட்களில் மறைந்தும் போகும், கூடுதலாகத் தெரியவும் செய்யும். ஆனால் அது இருக்கிறது. என் இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட்ட 6-க்கு வரியும் தரகும் கட்டினேன். திட்டம் ஒரே நிறுவனத்தோடு முடிந்தது.

இதே காலத்தில் என்னிடம் இன்னொரு பங்கு இருந்தது. அதை நான் பெரிதாக மதித்ததில்லை. 250-க்கு வாங்கியது, டிவிடெண்ட் 5, யீல்டு 2 சதவீதம். வரிசைப் பட்டியலில் அதைக் காண வேண்டுமானால் நெடுநேரம் கீழே இறங்க வேண்டும். எட்டு ஆண்டுகள் கழித்து அதன் டிவிடெண்ட் 11, விலை 520. யீல்டு 2.1 சதவீதம். இந்த எட்டு ஆண்டுகளில் எந்த நாள் பார்த்தாலும் செயலி ஏறக்குறைய அதே 2 சதவீதத்தைத்தான் காட்டியது, ஏனெனில் டிவிடெண்ட் ஏற ஏற விலையும் கூடவே ஏறியது. யீல்டு என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு தேடியிருந்தால் இந்தப் பங்கு ஒருநாளும் என் கண்ணில் பட்டிருக்காது. லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் எந்த ஆண்டும் கொடுத்ததில்லை. ஒரு மோசமான ஆண்டில் லாபம் கால்வாசி விழுந்தபோதும் டிவிடெண்டை உயர்த்த முடிந்தது அதனால்தான்.

வாங்கிய விலையான 250-ஆல் 11-ஐ வகுத்து 4.4 சதவீதம் கிடைக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. மனத்துக்கு இதமான கணக்கு. ஆனால் இன்று முடிவெடுக்க அது உதவாது; என் பணம் இன்று 520 ஆக அங்கே இருக்கிறது, அதற்கு 2.1 சதவீதம்தான் வருகிறது, மீதியை வளர்ச்சி தர வேண்டும். தருமா என்பதைத்தான் ஆராய வேண்டும், எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் எவ்வளவு மலிவாக வாங்கினேன் என்பதை அல்ல.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு ஒரு பக்கம். ஆண்டு, வழக்கமான டிவிடெண்ட், சிறப்பு டிவிடெண்ட், பங்கொன்றுக்கான லாபம், பங்கொன்றுக்கு மிஞ்சிய ரொக்கம், அந்த ஆண்டின் சராசரி விலை என்று ஆறு பத்திகள். பத்து ஆண்டுகள் நிரப்ப ஒரு மாலைப்பொழுது ஆகும். பங்குகளை நிறுவனமே திரும்ப வாங்கியிருந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன், ஏனென்றால் பங்குகளின் எண்ணிக்கை குறைந்தாலே பங்கொன்றுக்கான டிவிடெண்ட் கூடியதுபோலத் தெரியும். கையால் எழுதுவதற்கு மந்திரம் எதுவும் கிடையாது. எழுதும் வேகத்தில் ஒவ்வொரு எண்ணையும் கண் நின்று பார்த்தாக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். 3.50-க்குக் கீழே மீண்டும் 3.50 என்று எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகிறது.

அந்த முதல் நிறுவனத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. பங்கை விற்ற பிறகும் அதை நிரப்பி வருகிறேன். இடையில் ஓராண்டு முழுவதும் டிவிடெண்ட் இல்லை, அடுத்த ஆண்டு 0.50, அதற்கடுத்து 1.00. சென்ற வாரம் அதே செயலியில் அந்தப் பங்கைத் தேடினேன். டிவிடெண்ட் வளர்ச்சி, ஓராண்டு, 100 சதவீதம் என்று பச்சை எழுத்தில் இருந்தது.